டெலிஸ்கிரீன் பில்டு: கேமரா ஓடுது, மைக் பாக்கி

ஆர்வெல்லோட 1984 நாவல்ல வர்ற டெலிஸ்கிரீனை (பாக்குறவங்களையே திருப்பி வேவு பாக்குற டிவி) வீட்ல செஞ்சு பாக்குற வேலை ஒரு வழியா ஓட ஆரம்பிச்சிருச்சு. பரண்ல கெடந்த பழைய மானிட்டர், ராஸ்பெர்ரி பை 4-ங்கற குட்டி கம்ப்யூட்டர், அதோட கேமரா மாட்யூல் 2, கொஞ்சம் பைத்தான் புரோகிராம், இவ்ளோதான் சாமான். கதைல அது மங்கிப்போன கண்ணாடி மாதிரி ஒரு உலோகத் தகடுன்னு வரும், அதனால சுத்தி பளபளப்பு இல்லாத அலுமினிய ஷீட்டை வெட்டி ஒட்டியாச்சு.

சத்தத்தை கொறைக்கலாம் ஆனா முழுசா ஆஃப் பண்ண முடியாதுங்கறது நாவலோட ரூல் (நாட்டை ஆள்ற கட்சியோட மேல்மட்டம், அதாவது உள்கட்சி ஆளுங்களுக்கு மட்டும் அந்த சலுகை உண்டு), அதுக்கு பவர் பட்டன் வயரை கழட்டி விட்டேன், முடிஞ்சுது. எப்ப பாக்குதுன்னு யாருக்கும் தெரியக்கூடாதுங்கறதுதான் சுவாரஸ்யமான பார்ட்டு. மொதல்ல கேமரா ஓடும்போது மட்டும் எரியற மாதிரி ஒரு சிவப்பு எல்இடி வச்சு பாத்தேன், அம்மா அந்த லைட்டை பாத்துட்டு அது அணைஞ்சா நிம்மதியா அவங்க வேலைய பாத்தாங்க. எல்இடிய கழட்டிட்டு கேமராவை ரேண்டமா ஓட விட்டதும், "டேய், இப்ப அது ஓடுதா இல்லையாடா?"ன்னு கேட்டுட்டு முந்தானைய சரி பண்ணிட்டுதான் ஹாலை தாண்டுறாங்க, இத்தனைக்கும் புரோகிராம்படி அது பெரும்பாலான நேரம் தூங்கிட்டுதான் இருக்கு.

அடுத்து எடம். கதாநாயகன் வின்ஸ்டன் வீட்ல அது நீளமான சுவர்ல இருக்கும், அதே சுவர்ல இருக்குற மாடத்துக்குள்ள ஒதுங்கி உக்காந்துதான் அவன் டைரி எழுதுவான். இந்த கேமராவுக்கு அகலம் 62 டிகிரிதான் தெரியும், குறுக்குச் சுவர்ல மாட்டினா கிட்டத்தட்ட ஹால் முழுக்க சிக்குது, நீள சுவர்ல மாட்டினா ரெண்டு பக்கமும் மூலை தப்பிச்சிருது. மனுஷன் சரியாத்தான் எழுதியிருக்காரு.

அந்த நாவல்ல எனக்கு ரொம்ப புடிச்ச குத்தல் என்னன்னா லிஃப்ட் ஓடாது, ஷேவிங் பிளேடு கெடைக்காது, வயல்ல குதிரை பூட்டி உழுவாங்க, ஆனா புத்தகம் எழுத மெஷின் இருக்கும், டெலிஸ்கிரீன் மட்டும் பொழுதன்னைக்கும் ஓடிட்டே இருக்கும். விஞ்ஞானத்துல கட்சிக்கு எது வேணுமோ அதுக்கு மட்டும்தான் அங்க சோறு.

ஒரு எடத்துல மட்டும் என்னோடது கதைய தாண்டி போயிருச்சு. அங்க காலைல எக்சர்சைஸ் பண்ணும்போது வின்ஸ்டன் சரியா குனியலைன்னு திரைல இருக்கற பொம்பள நம்பர் சொல்லி கத்துவா, அதாவது அந்தப் பக்கம் ஒரு ஆள் பாத்துட்டு இருக்கணும். நெஜத்துல கிழக்கு ஜெர்மனியோட ரகசிய போலீஸ் ஸ்டாஸிக்கும் இதே கதிதான், 1989-ல முழுநேர ஊழியர் மட்டும் 90 ஆயிரத்துக்கு மேல. என் பில்டுல ஓப்பன்சிவி (படத்துல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கற சாஃப்ட்வேர்) போட்டு, ஆள் தெரிஞ்சா நேரத்தோட ஒரு ஃபைல்ல எழுதுன்னு சொல்லிட்டேன், யாரும் உக்காந்து பாக்க வேண்டியதே இல்ல.

இப்போதைக்கு ஃபைல் ராத்திரி தானா அழிஞ்சிரும், முகம் அடையாளம் கண்டுபிடிக்கறத சேர்க்கப் போறதில்ல. மைக் வந்ததும் மாடத்துல இருந்து கிசுகிசுன்னு பேசினா கேக்குதான்னு டெஸ்ட் பண்ணணும், தங்கச்சி வாலன்டியரா வர்றேன்னு சொல்லியிருக்கா.