சமாவுக்கு முந்திய அரைமணித்தியாலம்

பள்ளிக்கூட மலருக்கு நினைவுக் கட்டுரை என்றதும் வகுப்பறை, மதில், மாமரம் எல்லாவற்றையும் எழுத எங்களுக்குள் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இது பள்ளிக்கூடம் விட்டபின் நடந்த வகுப்பைப் பற்றியது. திருவிழாக் காலத்தில் கோயில் வடக்கு வீதியில் மேளச் சமா, அதாவது நாயனமும் தவிலும் சேர்ந்த கச்சேரி, வைப்பார்கள். சமா தொடங்க முதல் ஓர் அரைமணித்தியாலம் வித்துவான்கள் மடத்துத் திண்ணையில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். சுற்றி நின்ற மாணவர் கூட்டம் எதிர்பார்த்தது தோடியையும் கரகரப்பிரியாவையும் பற்றிய கதையை. காதில் விழுந்ததோ சீவாளி, கெண்டை, மெழுகு, தோல். பெரிய ஏமாற்றம். அவர்கள் கதைத்தது முழுக்க இராகத்தைப் பற்றித்தான் என்பது விளங்க வெகுகாலம் பிடிக்கும்.

ஆர்மோனியத்தில் கட்டையை அமத்தினால் சுவரம் வந்துவிடும். நாயனத்தில், அதாவது நாதசுரத்தில், அப்படி இல்லை. விரல் வைக்கும் துளை ஏழு. மேற்கைக்கு மூன்று விரல், கீழ்க்கைக்கு நாலு. அதற்குக் கீழே விரலே படாத ஐந்து துளைகள் உண்டு. அவற்றைப் பிரம்மசுரம் என்பார்கள். குழலின் சுருதி கொஞ்சம் விலகினால் அந்தத் துளைகளில் மெழுகை வைத்தும் எடுத்தும் சரிக்கட்டுவார்கள். மீதி எல்லாம் காற்றும் உதடும்தான். துளையைப் பாதி திறந்து, ஊதும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, ஊதுவாயான சீவாளியை உதட்டால் இறுக்கியும் தளர்த்தியும்தான் ஒவ்வொரு சுவரத்தையும் அதனதன் இடத்தில் நிறுத்த வேண்டும். தோடி இராகத்தின் காந்தாரத்தை (‘க’) எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்கிற சுவரமே இல்லை. ரிஷபத்துக்கும் (‘ரி’) மத்திமத்துக்கும் (‘ம’) இடையில் ஆடிக்கொண்டிருக்கும். விரல் மட்டும் ஆடினால் படி ஏறி இறங்குவதுபோல் வெட்டு வெட்டாகக் கேட்கும். விரலோடு காற்றும் சேர்ந்து அசைந்தால்தான் அது தோடி. அந்தக் காற்றுக்கு இணங்கிப் போகிற சீவாளி கிடைக்காத அன்றைக்கு எந்தப் பெரிய வித்துவானும் தோடியைத் தொடமாட்டார். சீவாளிக் கதை இராகக் கதையாவது இப்படித்தான்.

சீவாளி காவிரிக் கரை நாணலில் செய்வது. திருவாவடுதுறைப் பக்கம் பேர்போன தொழில். நாணலை அறுத்துக் காயவைத்து, அவித்து, தட்டையாக்கி, நூலால் கட்டுவார்கள். அதன் அடி, கெண்டை என்கிற சிறிய உலோகக் குழாயில் இருக்கும். கெண்டை குழலின் தலையில் செருகி நிற்கும். நாயனத்தின் தலைப்பக்கம் நூலில் கோத்துத் தொங்குகிற சாமான்களை அலங்காரம் என்று நினைத்திருப்பீர்கள். அவை மாற்றுச் சீவாளிகளும், சீவாளியின் வாயைத் திறந்து விடுகிற ஊசியும்.

திண்ணையில் நடந்தது இதுதான். முதலில் நாலைந்து சீவாளிகளை ஒவ்வொன்றாக வாயில் ஊறவைப்பார்கள். ஊறாத சீவாளி கீச்சிடும். ஊறியதும் குழலில் போடாமல் வெறும் சீவாளியை ஊதிப் பார்ப்பார்கள். கரகரவென்று தடித்த சத்தம் சீராக வந்தால் நல்லது. பிறகு குழலில் போட்டு, கீழ் சட்சத்தையும் (‘ச’) மேல் சட்சத்தையும் பிடித்துப் பார்ப்பார்கள். கீழே சேர்ந்து மேலே குறைந்து நின்றால் சீவாளி மெத்தென்று இருக்கிறது. அதன் நுனியை மயிரளவு நறுக்கினால் சுருதி ஏறும், கொஞ்சம் விறைக்கும். விறைப்பான சீவாளியில் மேல் ஸ்தாயி பளிச்சென்று வரும். ஆனால் மெல்ல ஊதினால் பேசாது, அரைமணி நேரத்தில் உதடு செத்துவிடும். அதற்கு மேற்பரப்பை இலேசாகச் சுரண்டுவார்கள். சுரண்டினால் மெதுமை வரும், சுருதி இறங்கும். ஒன்றைச் சரிசெய்ய மற்றது விலகும். அதிகம் சுரண்டிய சீவாளியைத் திரும்பத் தடிப்பாக்க வழியே கிடையாது, எறிய வேண்டியதுதான். வாய் ஒடுங்கிப்போனால் சத்தம் மெலிந்து சுருதி ஏறும். ஊசியை விட்டு மெல்லத் திறப்பார்கள். அவசரப்பட்டால் ஓரம் வெடித்துவிடும். கெண்டையில் சுற்றிய நூல் தளர்ந்திருந்தால் அந்த இடுக்கால் காற்றுப் போகும். சத்தம் குறையும், காரணமே பிடிபடாது. புதிதாகப் பழகுகிற பிள்ளைகள் அங்கேதான் முழிப்பார்கள்.

இனிக் குழல். கும்பகோணத்துக்குப் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைவது. 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பச்சை மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற தூண், உத்தரம் போன்ற வைரம் பாய்ந்த மரத்தைத்தான் தேடி எடுப்பார்கள், ஈரம் மிச்சமிருந்தால் கடைந்த பிறகு வளையும் அல்லது வெடிக்கும். கீழே ஊமத்தம்பூப்போல விரிகிற பகுதி அணசு.

முன்பு ஊதியது திமிரி: குட்டைக் குழல், நாலு, ஐந்து கட்டை என்கிற உயர்ந்த சுருதி. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஊர் எல்லைவரை கேட்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்ட பாரி நாயனத்துக்கு மாறினார். இரண்டு, இரண்டரைக் கட்டை, தாழ்ந்த சுருதி. நீளக் குழலில் துளைகள் எட்ட எட்ட இருக்கும், விரல் விரிய வேண்டும். ஆனால் திமிரிபோல மூச்சைத் தின்னாது. நின்று, நிதானித்து, கார்வை கொடுத்து (சுவரத்தை நீட்டி நிறுத்தி) ஆலாபனை செய்யலாம். பழைய குழல்களில் சுத்த மத்திமம் நேரே நிற்காது, ஊதித்தான் இறக்க வேண்டும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி துளைக் கணக்கைத் திருத்தி அந்தக் குறையைப் போக்கினார். அதற்குப் பிறகு மணிக்கணக்காகத் தோடி வாசித்த புகழ் முழுதும் வித்துவானுக்குப் போனது. அதில் ஒரு பங்கு ஆசாரிக்கும் உரியது என்பது என் கட்சி.

ஒத்துக்காரரை யாரும் கவனிக்கமாட்டார்கள். விரல் துளை இல்லாத குழலில் ஒரே சட்சத்தை மணிக்கணக்காக விடாமல் ஊதவேண்டும்; கன்னத்தில் காற்றை அடக்கி அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்கிற வித்தை அது. சுருதிப் பெட்டி வந்து அந்த வேலையை முடித்துவிட்டது.

தவிலுக்கு வருவோம். இந்த விஷயத்தில் யாழ்ப்பாணத்தான் கொஞ்சம் தலைக்கனத்தோடு பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தட்சணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டு வித்துவான்களும் தேடி அழைத்த கை. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாயனத்தைக் கேட்டு வளர்ந்த ஊரில் தவிலும் சும்மா இருக்க முடியாதுதானே. தவிலின் உடலான கொட்டு பலாமரம். வலப்பக்கத் தோல் வலந்தலை, இறுக்கமாக நிற்கும். மற்றப் பக்கம் தொப்பி, தளர்ந்து தாழ்ந்து பேசும். முன்பு வாரை இழுத்துச் சுருதி கட்டுவார்கள். பிறகு இரும்பு வளையமும் திருகாணியும் வந்தன. வலக்கை விரல்களில் போடுவது கூடு. துணி நாடாவைப் பசையில் தோய்த்து விரலில் அடுக்கடுக்காகச் சுற்றிக் காயவிட்டுச் செய்வது. தளர்ந்த கூடு அடிக்கும்போது தானும் ஆடி ஒரு சொல்லை இரண்டாகக் கேட்கவைக்கும். இறுகிய கூடு விரலை மரக்கச் செய்யும். இடக்கையில் கம்பு.

தீர்மானக் கணக்கை, அதாவது வாசிப்பை முடிக்கிற சொல்லை மூன்று தரம் அடித்துத் தாளத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற கணக்கை, பெடியள் கொப்பிப் பின்மட்டையில் எழுதிப் பார்ப்பதுண்டு. கணக்கு வாத்தியார் கண்டால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆதிதாளம் எட்டு அட்சரம்; சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு நாலு மாத்திரை, ஆக ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) 32. ‘ததிகிணதொம்’ ஐந்து மாத்திரை, மூன்று தரம் 15. சமத்தில் (தாளச் சுற்றின் தொடக்கத்தில்) விழவேண்டுமென்றால் 32இல் 15 போக 17. அதாவது ஐந்தாம் அட்சரம் விழுந்து ஒரு மாத்திரை தள்ளித் தொடங்கவேண்டும். பாட்டின் எடுப்பு (பாட்டுத் தொடங்கும் இடம்) சமத்திலிருந்து அரை அட்சரம் தள்ளி இருந்தால் தொடக்கமும் இரண்டு மாத்திரை தள்ளும், 19. இதில் பிழை வருவது கூட்டல் கழித்தலில் அல்ல. தாளக்காரர் வேகமான இடத்தில் தன்னையறியாமல் இழுத்துக்கொண்டு ஓடுவார். தவில்காரர் தாளத்தைப் பார்த்தால் தீர்மானம் நெருக்கும், தன் காலப்பிரமாணத்தை (வேக அளவை) பிடித்தால் சமம் தப்பும். நல்ல தவில்காரர் முதல் இரண்டு ‘ததிகிணதொம்’மிலேயே வித்தியாசத்தைக் கண்டு, மூன்றாவதை நகர்த்திக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். சனம் கைதட்டுவது வேகத்துக்கு. பக்கத்தில் இருக்கிற நாயனக்காரர் தலையாட்டுவது அந்த நகர்த்தலுக்கு.

வீதியுலாவில் இன்னொரு சிக்கல். சுவாமி வெளிக்கிடும்போது கம்பீர நாட்டை இராகத்தில் மல்லாரி என்கிற உருப்படி. சாகித்தியம் (பாட்டு வரிகள்) கிடையாது, வெறும் தாளச் சொற்கட்டு, மூன்று காலத்திலும் (வேகத்திலும்) வாசிப்பது. நடந்துகொண்டே வாசிக்கவேண்டும். கால் தாளத்தோடு ஒட்டி நடந்தால் காலம் மாறும்போது நடையும் மாறிவிடும், சுவாமி காவுகிறவர்கள் முன்னால் தள்ளுவார்கள். காலுக்கும் தாளத்துக்கும் உறவு வைக்காமல் நடக்கத் தனியாகப் பழகவேண்டும். மார்கழிப் பனியில் குழல் குளிர்ந்து சுருதி இறங்கும், தோல் தொய்யும். தெற்கு வீதி திரும்பும்போது நாயனக்காரர் சீவாளி மாற்றுவது அதனால்தான். அந்த நேரத்தை இரண்டாம் நாயனம் நிரப்பும்.

இப்போது இங்கே, குளிர் நாட்டுக் கோயில்களிலும் கலியாண மண்டபங்களிலும், நிலைமை தலைகீழ். ஹீட்டர் போட்ட மண்டபத்தில் காற்று வறண்டிருக்கும். சீவாளி இரண்டு உருப்படிக்கு இடையிலேயே காய்ந்து வாய் மூடிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது. காருக்குள் குளிர்ந்து கிடந்த குழலை எடுத்தவுடன் பெட்டியோடு சுருதி சேர்க்கக்கூடாது. ஊத ஊதக் குழல் சூடேறிச் சுருதி ஏறும், பெட்டி அசையாது. பத்து நிமிடம் ஊதிவிட்டுப் பிறகு சேருங்கள். தவிலை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். வலந்தலை தானாக இறுகிக்கொண்டே போகும், திருகாணியை ஒரு சுற்றுத் தளர்த்தாமல் விட்டால் தனித்தவில் தொடங்க முதலே தோல் கிழிந்துவிடும்.