இறுதி எம்.பி.பி.எஸ். நரம்பியல்: முதலில் நேரத்தைக் கேளுங்கள்

பெறுபேறு வந்து மனம் ஆறியிருக்கும் இந்தக் கிழமையிலேயே, திருகோணமலை வீட்டு மேசையில் கிடக்கும் குறிப்புகளைக் கட்டி வைக்கும் முன், அடுத்த அணியினருக்கு நரம்பியலைப் பற்றி மட்டும் எழுதிவிட விரும்புகிறேன்.

ஒரே நோயாளியை விரிவாக விசாரித்து, பரிசோதித்துப் பரீட்சகருக்கு விளக்கும் லோங் கேஸில் நோய் எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்ற கேள்விக்கே நான் முதலிடம் கொடுப்பேன். திடீரெனத் தாக்கி ஒரு பக்கத்தை வீழ்த்துவது பெரும்பாலும் பாரிசவாதம். கண்ணில் மின்னல்கோடுகள் நிமிடக்கணக்கில் பரவிய பின் தலையிடி வந்தால் மைக்ரேன். சில நாட்களில் கால்களிலிருந்து மேலேறும் பலவீனம் கில்லன் பாரே என்ற நரம்பு நோய். ஒரு கையில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் அசைவைக் குறைத்துக்கொண்டு போவது பார்க்கின்சன்.

நோயாளியின் வீட்டார் மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்வதில்லை. வாட்டில் ஒரு தாய் என்னிடம், "சுபஹுக்கு எழும்பக்குள்ள நல்லாத்தான் இருந்தார் மகன், திரும்பப் படுத்து எழும்பினா வாய் கோணிப் போச்சு" என்றார். கண்விழிக்கும்போதே குறை தெரிந்தால், நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்தே 4.5 மணித்தியாலத்தை எண்ண வேண்டும் என்பதால், இரத்தக்கட்டியை உருக்கும் மருந்தான அல்ரிப்ளேஸைக் கொடுக்கலாமா என்ற முடிவுக்கு அந்தத் தாய் சொன்ன சுபஹு, அதாவது அதிகாலைத் தொழுகை நேரமே ஆதாரம். அதற்கு முன் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். குருதிச் சீனி குறைந்தாலும் ஒரு பக்கம் விழும். சீ.ரீ. ஸ்கேனில் மூளையில் இரத்தக்கசிவு இருக்கக் கூடாது, இரத்த அழுத்தம் 185/110க்குக் கீழே இருக்க வேண்டும், அல்ரிப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், உச்சம் 90.

நேரத்துக்குப் பிறகுதான் கோளாறு எந்த இடத்தில் என்ற கேள்வி. வாய் கோணியிருந்தும் நெற்றி சுருங்கினால் கோளாறு மூளையில். நெற்றியும் சுருங்காவிட்டால் பெரும்பாலும் முக நரம்பைத் தாக்கும் பெல்ஸ் வாதம், 72 மணித்தியாலத்துக்குள் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து. மூடாத கண்ணைப் பாதுகாப்பதைச் சொல்ல மறப்பவர்களே அதிகம். சுத்தியலால் தட்டும்போது தெறிவினை இல்லை என்று அறிவிக்கும் முன் நோயாளியைப் பல்லைக் கடிக்கச் சொல்லி மீண்டும் தட்டுங்கள்.

வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் லொராசிபாம் 4 மில்லிகிராம் நாளத்தில். நாளம் கிடைக்காவிட்டால் மிடசோலம் 10 மில்லிகிராம் தசையில். அடங்காவிட்டால் ஃபெனிட்டோயின் கிலோவுக்கு 20 மில்லிகிராம், நிமிடத்துக்கு 50ஐத் தாண்டாமல், ஈ.சீ.ஜீ. பார்த்தபடி. இவை வளர்ந்தவர்களுக்கான அளவுகள்.

கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. உள்துறைமுக வீதியில் தனியே நடந்தபடி ஒவ்வொரு கேஸையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகியதுதான் எனக்குக் கைகொடுத்தது. ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

கில்லன் பாரேயில் பலவீனம் மூச்சுத் தசைகளுக்கும் ஏறலாம் என்பதால் ஒட்சிசன் அளவைப் பார்த்து ஆறுதலடையாதீர்கள், அது கடைசியில்தான் விழும். மூச்சுக் கொள்ளளவைத் திரும்பத் திரும்ப அளந்து, கிலோவுக்கு 20 மில்லிலீற்றரை நெருங்கும்போதே ஐ.சீ.யூ.வுக்கு அறிவிப்பேன் என்று, பரீட்சகர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.