பென்டிரைவோடு போன எட்டு மாதக் கணக்கு

2023 டிசம்பர் 7, வியாழக்கிழமை. பவானியில் ஒரு ஜமக்காளக் கடையில் நவம்பர் விற்பனையைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர். 1 என்ற மாத விற்பனை விவரத் தாக்கலைப் போட்டாக வேண்டும். பென்டிரைவைச் செருகியதும் எப்போதும் வரும் சத்தம் வந்தது, டிரைவும் திரையில் தெரிந்தது. திறந்தால் மட்டும் 'டிஸ்க்கைப் போடவும்' என்று ஒரு பெட்டி. எடுத்துத் துடைத்து மறுபடி செருகினேன். அதே பெட்டி. மூன்றாவது முறை வெளியே எடுத்தபோது தகர முனை விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது.

ஈரோடு, பவானி வட்டாரத்தில் ஐந்து கடைகளுக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் ஒரு கடைக்கு ஒரு நாள். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியில் போட்ட ஐந்து கடையின் டேட்டாவும் அந்த ஒரே 16 ஜிபி பென்டிரைவில்தான் இருந்தது. ஒவ்வொரு கடைக் கம்ப்யூட்டரிலும் ஒரு காப்பி வைத்தால் எது புதுசு, எது பழசு என்று குழம்பிவிடும் என்பதால், டேலியில் டேட்டா இருக்கும் இடமாகப் பென்டிரைவையே காட்டி, நேராக அதிலேயே எண்ட்ரி போட்டுவந்தேன். நான்கு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

அன்று மதியம் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினேன். அங்கிருந்த தம்பி, "ஃபார்மட் பண்ணிட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர் போடலாங்க்கா" என்றார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தால் 'நோ மீடியா' என்று இருந்தது, கொள்ளளவு சுழியம். இந்த இடத்தை யாராவது சந்திக்க நேர்ந்தால் கவனியுங்கள். அளவு சரியாகத் தெரிந்து, 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால், உள்ளே இருக்கும் சிப் இன்னும் பேசுகிறது, ஃபைல்களின் அடுக்கு மட்டும் கலைந்திருக்கிறது என்று பொருள். அப்போது முதலில் டிடிரெஸ்க்யூ போன்ற படியெடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்றால் முழு டிரைவையும் ஒரே ஃபைலாகப் படியெடுத்துக்கொண்டு, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்று எந்த ரெக்கவரி சாஃப்ட்வேரானாலும் அந்தப் படியின் மேல்தான் ஓட்ட வேண்டும். மூல டிரைவில், விண்டோஸில் டிஸ்க் பிழையைத் திருத்தும் செக்டிஸ்க்கைப் போட்டால், சரிசெய்கிறேன் என்று அது எழுதுவதே மிச்சத்தையும் அழித்துவிடலாம். எனக்கு வந்ததோ சுழியம். நினைவகத்தை இயக்கும் கன்ட்ரோலரே போய்விட்டால் எந்த சாஃப்ட்வேருக்கும் படிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

மறுநாள் கோயம்புத்தூரில் டேட்டா மீட்டுத் தரும் ஓர் இடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மேல் உறையைக் கழற்றிப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துக் காட்டினார். உள்ளே சின்னச் சின்னச் சிப்புகள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவில் ஒரே கறுப்புப் பலகைதான் இருந்தது. "மோனோலித்" என்றார். கன்ட்ரோலரும் நினைவகமும் ஒரே வார்ப்புக்குள் புதைந்திருக்கும் வகை. தனித்தனிச் சிப்பாக இருந்தால் நினைவகத்தைச் சூடுகாட்டிப் பெயர்த்து வேறு கருவியில் வைத்துப் படித்துவிடலாம். இதில் பின்பக்கப் பூச்சைச் சுரண்டி, தெரிகிற புள்ளிகளில் முடி போன்ற கம்பிகளைப் பற்றவைத்துப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் டேட்டா வரிசையாக வராதாம். ஒரே இடம் தேய்ந்துவிடாமல் இருக்க கன்ட்ரோலர் எல்லாவற்றையும் சிதறலாக எழுதுகிறது. எது எங்கே என்ற குறிப்பு அதனிடம்தான். 18,000 ரூபாய், உத்தரவாதம் இல்லை என்றார். ஒத்துக்கொண்டேன்.

நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்று அவர் கேட்டார். டேலியை நேராக அதில் ஓட்டினேன் என்றதும் கையில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டார். ஃபிளாஷ் நினைவகத்தில் நாலு எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும், புது இடத்தில் எழுதிவிட்டு, பழையதைப் பெரிய தொகுதியாகத்தான் பிறகு அழிக்க முடியும். ஒவ்வொரு தொகுதியும் இத்தனை முறைதான் அழித்து எழுதத் தாங்கும். நாளெல்லாம் வவுச்சர் வவுச்சராக எழுதும் வேலைக்குச் செய்த பொருள் அல்ல அது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஃபைலைக் கொண்டுபோகச் செய்தது.

ஈரோட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று கடைகளின் டேலி பேக்கப்பை மே மாதம் ஆடிட்டருக்கு மெயிலில் அனுப்பியிருந்தேன். அதில் மார்ச் 31 வரை பத்திரம். மற்ற இரண்டு கடைகளுக்கும் போன வருட பேலன்ஸ் ஷீட்டும் லெட்ஜரும் அச்சிட்ட தாள்களாக இருந்தன. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதம் எங்கேயும் இல்லை. அதைத் திரும்ப எழுத வேண்டும்.

ஜி.எஸ்.டி. தளம் பாதி வேலையைத் தாங்கிக்கொண்டது. தாக்கல் செய்த ஜி.எஸ்.டி.ஆர். 1-களை இறக்கினால், ஜி.எஸ்.டி. எண் உள்ள வாடிக்கையாளர்களுக்குப் போட்ட பில்கள் அக்டோபர் வரை ஒவ்வொன்றாக இருந்தன. மற்றவர்களுக்கு விற்றது மொத்தத் தொகையாக மட்டும். கொள்முதலுக்கு, நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்துத் தளம் தரும் 2பி அறிக்கை: யாரிடம் வாங்கியது, பில் எண், தேதி, மதிப்பு, வரி எல்லாம் வந்தது. என்ன சரக்கு, எத்தனை உருப்படி என்பது வராது. அதற்குச் சரக்கை நேரில் எண்ணினோம். வரவு செலவுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட். ரொக்கமாகக் கொடுத்த ஏற்றுக்கூலி, டீச்செலவு, ஆட்டோ வாடகை போன்றவை நிரந்தரமாகப் போயின.

சிக்கிக்கொண்டது ஜமக்காளக் கடையின் நவம்பர் மாதம். பில்லை டேலியிலேயே போட்டு, அசல் சரக்கோடு போய்விடும். நகல் பிடிஎஃப் அதே பென்டிரைவில். கடைசியாகப் போட்ட பில் எண் ஓனரின் மகனுக்கு நினைவிருந்ததால், நவம்பரில் 61 பில் என்று தெரிந்தது. அவர் தன் வாட்ஸ்அப்பைத் துழாவி 38 பில்லை எடுத்தார். வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போன சரக்குக்கு, அனுப்பும்போது ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் இருக்குமே என்று அந்தத் தளத்தில் தேடியதில் இன்னும் 9. மீதி 14 எண்கள் ஒரு தாளில் வட்டம் போட்டு என் முன்னால் கிடந்தன. கேரளா, கர்நாடகா என்று ஒவ்வொரு கடையாக ஃபோன் செய்து, "எங்க பில்லை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்டோம். விற்ற கடையே வாங்கியவரிடம் பில் கேட்கிறது. ஓனருக்கு அதில் எவ்வளவு சங்கடம் என்பது அவர் குரலில் தெரிந்தது. 11ஆம் தேதி இரவுக்குள் 12 வந்துவிட்டது. மீதி இரண்டை அடுத்த மாதத்தில் சேர்த்துக் காட்டினோம்.

ஹார்டுவேர்ஸ் கடைப் பெரியவரிடம் சொல்லத்தான் அதிகம் பயந்தேன். எழுபதைத் தாண்டியவர். சொல்லி முடிக்கும்முன் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்கெதுக்கு அம்மிணி கண்ணுல தண்ணி? நோட்டு இருக்குதில்ல. நான் படிக்கறேன், நீ அடி" என்றார். கல்லாவுக்கு அடியிலிருந்து காலண்டர் தாளில் அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்தார். சணல் கயிற்றால் குறுக்கே கட்டியிருந்தது. கடன் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். இடதில் பற்று, வலதில் வரவு. தீர்ந்த கணக்கின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கொத்தனார், பிளம்பர், கோயில் திருப்பணிக் கமிட்டி என்று பெயர் சொல்லி, தொகை சொல்லி, நான் அடித்து முடித்ததும் "ஆச்சுங்களா?" என்று கேட்டு, அடுத்த வரிக்கு விரலை நகர்த்துவார். கடை சாத்திய பிறகு தினமும் இரண்டு மணி நேரம், ஒன்பது இரவுகள். நான் போடும் டேலி எண்ட்ரிதான் அந்தக் கடையின் கணக்கு என்று நான்கு வருடமாக எண்ணியிருந்தேன்.

இன்னொரு கடைக்காரர் ஜனவரியில் கணக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அவர் செய்தது நியாயம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி ஆண்டுத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டியவர் அவர். நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான்.

கோயம்புத்தூரிலிருந்து மூன்று வாரம் கழித்து அழைத்தார்கள். ஃபோட்டோக்களும் பிடிஎஃப்களும் ஓரளவு வந்திருந்தன. பெயர்கள் போய் வெறும் எண்களாக. ஜமக்காளக் கடையின் அந்த இரண்டு பில்களும் அதில் இல்லை. டேலி ஃபோல்டரும் வந்தது, ஆனால் திறக்கவில்லை. ரிப்பேர் போட்டுப் பார்த்தும் ஆகவில்லை. எழுதியது எழுதியபடி ஒரு பைட் விடாமல் இருந்தால்தானே அது திறக்கும்.

இப்போது டேட்டா அந்தந்தக் கடைக் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. வேலை முடிந்து எழும்போது டேலியிலேயே ஆல்ட்+ஒய் அழுத்தி பேக்கப் எடுத்து, தேதியிட்ட ஜிப் ஃபைலாக்கி கூகுள் டிரைவில் ஏற்றுகிறேன்; இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியே எங்கள் கடைகளுக்குத் தாராளம். நடப்பு ஃபோல்டரையே நேராக சிங்க் செய்வதில்லை. டேலி திறந்திருக்கும்போது பாதி எழுதிய ஃபைல் மேலே போய்விடும். இன்னொரு படி வீட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், வாரம் மாற்றி வாரம். காப்பி முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவேன். செருகியே இருந்தால் கம்ப்யூட்டரைப் பிடித்து, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பிடிக்கும். மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற இந்த 3-2-1 முறையைப் பரப்பியவர் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர்.

பிப்ரவரியில் முதல்முறையாக ஒரு பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து பார்த்தேன். ஒரு கடையில் இரண்டு கம்பெனிகள் இருந்தும் ஒன்றை மட்டும்தான் அத்தனை வாரமும் எடுத்து வந்திருக்கிறேன். திறந்து பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. அன்றிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை ரீஸ்டோருக்கு. ஐந்தும் இப்போது நாலாகிவிட்டதால், மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது.

ஜமக்காளக் கடையின் அந்த இரண்டு பில்களில் ஒன்றின் ஃபோட்டோ ஏப்ரலில்தான் ஹூப்ளியிலிருந்து வந்தது. ஹார்டுவேர்ஸ் கடையில் 1,860 ரூபாய் இன்னும் இடிக்கிறது. பெரியவரும் நானும் நோட்டை இரண்டு முறை முதலிலிருந்து படித்தோம். யார் கொடுத்த வரவு என்று அவருக்கும் பிடிபடவில்லை. எதில் சேர்ப்பது என்று தெரியாததை வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் அது அப்படியே நிற்கிறது.