மஞ்சள் மங்கினால் போதுமா?

2024 மார்ச் 4, திங்கள்

வேதியியல் பிரிவிலிருந்து புதிய தட்டு வந்திருக்கிறது. 96 குழிகளிலும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த சேர்மங்கள். செடியின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினின் வேலையைச் செய்யக்கூடியவை இவற்றில் இருக்கலாம் என்று வடிவத்தைப் பார்த்து ஊகித்திருக்கிறார்கள். அந்த ஊகத்துக்குத் தீர்ப்புச் சொல்லப் போவது அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் நாற்றுகளின் வேர்நுனி.

குறிப்பிட்ட ஒரு புரதத்தைச் செல்லே அழிக்கும்படி செய்யும் மருந்துகளைப் பற்றி இப்போது எங்கும் பேச்சு. அவற்றில் ஒன்றான தாலிடோமைடு, செரிப்ளான் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்பது 2010இல்தான் தெரிந்தது. அதற்கு முன்பே, 2007இல், ஆக்சின் எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிக அமைப்பு காட்டிவிட்டது. டிர்1 என்ற புரதத்தின் குழிக்குள் ஆக்சின் அடியில் படுத்துக்கொள்கிறது. டிர்1இன் உருவம் மாறுவதில்லை. ஆக்சினும் குழியும் சேர்ந்து அமைக்கும் பரப்பின்மேல், ஆக்சினுக்கான மரபணுக்களை அடக்கிவைக்கும் ஆக்ஸ்/ஐஏஏ புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. பிறகு அழிக்க வேண்டியது என்று அடையாளமிடும் யூபிகுயிட்டின் முத்திரை, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியாசோம், அழிவு. மூலக்கூற்றுப் பசை என்று மருந்துலகம் கொண்டாடுவதைச் செடிகள் சத்தமில்லாமல் செய்துவந்திருக்கின்றன. அதனால் இத்தகைய மூலக்கூறுகளைச் சோதிக்கச் செடியைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் கட்சி.

மார்ச் 6, புதன்

ஆக்சின் அளவைக் காட்டும்படி இரண்டு ஒளிர்புரதங்கள் பொருத்திய ஆர்2டி2 நாற்றுகளில் முதல் சுற்று. ஆக்ஸ்/ஐஏஏவின் அழிவுக்குரிய துண்டு ஒட்டிய மஞ்சள் ஒளிர்புரதம் ஒன்று. அதே துண்டு, ஆனால் ஆக்சினுக்கு மசியாதபடி திருத்தப்பட்டு, சிவப்பு ஒளிர்புரதத்தோடு இன்னொன்று. மஞ்சளைச் சிவப்பால் வகுத்தால், செல்லுக்குச் செல் வேறுபடும் உற்பத்தி அளவு பெரிதும் கழிந்துவிடும். ஆக்சின் சேர்த்த நாற்றுகளில் ஒரு மணி நேரத்துக்குள் மஞ்சள் காணாமல் போனது. வெறும் டிஎம்எஸ்ஓ பெற்றவை பளிச்சென்று இருந்தன.

தட்டிலும் சில குழிகளில் மஞ்சள் சரிந்தது. "அக்கா, கிடைத்துவிட்டது!" என்று மாணவி துள்ளினாள். சைக்ளோஹெக்சிமைடு கொடுத்த நாற்றைப் பார்க்கச் சொன்னேன். அதிலும் மஞ்சள் மங்கி, சிவப்பு நின்றது. சைக்ளோஹெக்சிமைடு புதுப் புரதம் உருவாவதை மட்டுமே தடுக்கிறது. செடியின் சொந்த ஆக்சின் மஞ்சளை எப்போதும் தின்றுகொண்டே இருப்பதால், வரவு நின்றதும் இருப்பு தீர்ந்துவிடுகிறது. சிவப்புக்கு ஆயுள் அதிகம். விகிதம் பார்த்தால் ஏமாற மாட்டோம் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது.

மார்ச் 7, வியாழன்

எம்ஜி132 கொடுத்துப் புரோட்டியாசோமை நிறுத்திவிட்டுப் பார்க்கலாமே என்று மாணவி கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் சைக்ளோஹெக்சிமைடால் வரும் மங்கலும் புரோட்டியாசோம் வழியாகவே நடப்பதால், அசல் மங்கல், போலி மங்கல் இரண்டுமே தடைபடும். டிர்1 பழுதான செடிகளிலும் இதே சிக்கல்: சொந்த ஆக்சினின் தின்னும் வேகமே அங்கே குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்குப் பிக்ளோராம் என்ற களைக்கொல்லி டிர்1ஐவிட அதன் உறவுப் புரதமான ஏஎஃப்பி5ஐயே விரும்புகிறது. டிர்1 இல்லாத செடியிலும் அது வேலை செய்யும்.

மார்ச் 12, செவ்வாய்

வழி வேறு பக்கம் இருந்தது. செடியின் வளர்ச்சியை அடக்கும் டெல்லா வகைப் புரதமான ஆர்ஜிஏவோடு பச்சை ஒளிர்புரதம் இணைந்த செடிகளை எடுத்தோம். டெல்லாவை அழிக்கவைப்பது ஜிப்பரெல்லின் என்ற இன்னொரு செடி ஹார்மோன். பாதை வேறு, ஆனால் இங்கும் அழிவு ஓயாமல் நடக்கிறது. புரத உற்பத்தியைத் தடுக்கும் சேர்மம் என்றால் பச்சையும் சரிய வேண்டும். முதல் சுற்றில் தேறியவற்றில் பாதிக்கு மேல் இங்கே விழுந்தன. மாணவியின் முகமும் சேர்ந்து விழுந்தது. எனக்கோ நிம்மதி. போலிகள் இப்போதே கழிந்ததால் வேதியியல் பிரிவுக்குப் பல மாத வேலை மிச்சம்.

மார்ச் 15, வெள்ளி

எஞ்சியவற்றுக்குச் சோதனைக் குழாய். நுண்மணிகளில் ஒட்டிய ஆக்ஸ்/ஐஏஏ துண்டு, தனியாக எடுத்த டிர்1, நடுவே சேர்மம். செடியே இல்லாததால் வேறு காரணங்களுக்கு இடமில்லை. ஆக்சின் போட்டால் டிர்1 மணியோடு வருகிறது. எங்கள் சேர்மங்களில் ஒன்றும் அப்படியே செய்தது. ஆனால் செடியில் மிக வலுவாக இருந்த இன்னொன்று குழாயில் அசையவே இல்லை.

அதைத் தூக்கி எறியச் சொன்னவர்களோடு இன்று வாக்குவாதம். 2,4-டிபி என்ற களைக்கொல்லியும் குழாயில் செத்த பொருளாகத்தான் தெரியும். செடிக்குள் பீட்டா ஆக்சிஜனேற்றத்தில் அதன் பக்கச் சங்கிலி குறுகி 2,4-டி ஆன பிறகே வேலை செய்கிறது. ஐபிஏ என்ற முன்பொருள், செடியின் முக்கிய ஆக்சினான ஐஏஏ ஆவதும் இப்படித்தான். அந்த வேலை நடக்கும் செல் உறுப்பான பெராக்சிசோம் குழாய்க்குள் ஏது?

மார்ச் 18, திங்கள்

அந்தச் சேர்மம் கொடுத்த நாற்றுகளைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைத்துவிட்டோம். உள்ளே எது உருவாகிறது என்பதை மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறைமாலைமானி சொல்லும். கருவி வியாழன்தான் காலி. அதுவரை அதன் வடிவத்தில் எந்தப் பிணைப்பு உடையக்கூடும் என்று மாணவி படம் வரைந்துகொண்டிருக்கிறாள். எஸ்டர் பிணைப்பு என்பது அவள் பந்தயம். நான் பக்கச் சங்கிலியின் மேல் கட்டியிருக்கிறேன்.