ஏட்டுச்சுவடியில் ஆய்வு செய்யப் போறீங்களோ?

கம்பஸ் இறுதி வருட ஆய்வுக்கு ஏடு எடுக்கிற தம்பி தங்கச்சிமார் முதலில் கேட்பது, "படத்தைப் போட்டால் வாசித்துத் தாற ஆப் இருக்கோ அக்கா?" என்றுதான். இருக்கு. டிரான்ஸ்கிரிபஸ், இஸ்கிரிப்டோரியம் இரண்டையும் கையெழுத்து வாசிக்கப் பழக்கலாம். ஆனால் பழக்குவதற்கே நீங்கள் பல பக்கங்களை வாசித்து எழுதிக் கொடுக்கவேணும். முள்ளியவளைப் பக்கம் ஒரு வீட்டில் கிடைக்கிற சின்ன வாகட (வைத்திய) ஏட்டுக்கு அது வீண் வேலை. அந்த நேரத்தில் ஏட்டையே வாசித்து முடித்துவிடலாம்.

எனக்குக் கைகொடுத்தது வேறொன்று. 11ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்தை ஆராய லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டிஜிபால் என்ற தளத்தைச் செய்தார்கள். ஒரே எழுத்தின் வடிவங்களைப் படத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நான் அதையே ஜிம்ப் என்ற படம் திருத்துகிற மென்பொருளில் வெட்டி, எக்செல் தாளில் ஒட்டிச் செய்தேன். ஏட்டில் ரகரமும் காலும் (ா) ஒரே கோடாக நிற்கும். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எழுதினவரின் கைப்பழக்கம் பிடிபட்டது.

படம் எடுக்கிறது முக்கியம். மத்தியான வெயிலில் நேரே எடுத்தால் மை போன ஓலையில் ஒன்றும் தெரியாது. நிழலில் வைத்து, ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்து அடியுங்கள்; கீறல் எழும்பி வரும். எழுத்துத் தெரியட்டும் என்று இரவல் ஏட்டில் எண்ணெய் பூசாதீர்கள்!

ஏட்டில் புள்ளி இராது, சொல்லுக்கிடையே இடைவெளியும் இராது. 'பலவலி' என்றிருந்தால் பல்வலியா, பல வலியா? அடுத்த வரியில் மருந்து வாய்க்குள் போகிறதா என்று பாருங்கள். ஏட்டில் உள்ளபடி ஒரு கோப்பு, புள்ளியிட்டுப் பிரித்தது இன்னொரு கோப்பு என்று வைத்திருங்கள். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) கேட்பது இதைத்தான்.

மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்துவிட்டன. போனில் வெறும் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் எழுத்துருவைப் போடுங்கள். மூலிகைப் பெயருக்கு சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இருக்கு. அதிலும் இல்லாத, ஊரில் மட்டும் வழங்குகிற மூலிகைப் பெயரைப் பரியாரியாரிடம்தான் (நாட்டு வைத்தியரிடம்தான்) கேட்கவேணும்.

வாசித்துப் பழக 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் ஏடுகள் இருக்கு. பார்க்கிறதை உடனே இறக்கி வையுங்கள். 2023 ஒக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தில் சைபர் தாக்குதல் நடந்து, அங்கிருந்த கையெழுத்துப் படிகளை மாதக்கணக்காக இணையத்தில் பார்க்க முடியாமல் போனது.