பின்சுவர் வரை வந்த வெயில்

டிசம்பர் வந்தாலே எனக்கு மனசு கொஞ்சம் சாய்ந்துவிடும். போன வருடம் அது அதிகம். அக்டோபரில் வேலை போயிருந்தது. அந்தக் கதையை எழுதப் போவதில்லை. காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லாமல் கிடந்தேன் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அக்கா தினமும் போன் பண்ணுவாள். "எழுந்தாச்சா?" "ஆச்சு" என்பேன், போர்வைக்குள்ளிருந்தே.

ஒரு நாள் நண்பகல் நேரம். அப்போதும் படுக்கையில்தான். தலையைத் திருப்பினால், பின்சுவரை ஒட்டிய புத்தக அலமாரியில், கீழிருந்து இரண்டாவது தட்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து அது 12 அடி தள்ளி இருக்கிறது. அங்கே வெயில் வரும் என்றே நான் நினைத்ததில்லை. பழைய அகராதி ஒன்றின் முதுகில் பொன்னிற எழுத்துகள் இருப்பதே அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. தூசியும்தான். அது வேறு விஷயம்.

என் ஜன்னல் தெற்குப் பார்த்தது. கோடையில் நண்பகல் வெயில் உள்ளே இரண்டடி வந்து நின்றுவிடும். பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதுதான் காரணம். வெப்பமண்டலத்துக்கு வெளியே எந்த ஊரானாலும், ஜூனில் நண்பகல் சூரியன் நிற்கும் உயரத்துக்கும் டிசம்பரில் நிற்கும் உயரத்துக்கும் கிட்டத்தட்ட 47 பாகை வித்தியாசம். தாழ வருகிற வெயில் நீளமாக உள்ளே நுழைகிறது. கோடை வெயில் வாசலில் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டுப் போகிற ஆள். இது உள்ளே வந்து உட்காருகிற ஆள்.

அன்றிலிருந்து ஒரு பைத்தியக்காரத்தனம் தொடங்கியது. தினமும் நண்பகலில், அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் வெயிலின் மேல் விளிம்பு விழும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. விளிம்பு கூர்மையாக இருக்காது. சூரியன் புள்ளியல்ல, அரை பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் ஓரம் கசிந்துதான் விழும். கோடெல்லாம் உத்தேசம்தான். டிசம்பர் 21ஐ ஒட்டிய பத்து நாள் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கறுத்த பட்டையாகவே ஆகிவிட்டன. சூரியன் அந்த நாட்களில் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை என்று சொல்லும்படிதான் இருக்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் கோடு போடுவதற்காக எழுந்து நின்றேன்.

கோடு போடுகிற வேலை ஒன்று கிடைத்துவிட்டதால் அது சம்பந்தமாகப் படிக்கவும் ஆரம்பித்தேன். ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறதாம். பக்கத்தில் வந்தும் சூடு தராத உறவுக்காரர்கள் எனக்கும் உண்டு என்பதால் இதில் ஆச்சரியம் வரவில்லை. இன்னொன்றுதான் உண்மையிலேயே சந்தோஷப்படுத்தியது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 வாக்கில் வந்தாலும், மிகச் சீக்கிரம் இருட்டும் மாலை அதற்கு முன்பே வந்து போய்விடுகிறது. காலைகள் மட்டும் இன்னும் சில நாள் பிந்திக்கொண்டே போகும். எனக்கு மாலைகள்தான் ஆகாது. அவை எனக்குத் தெரியாமலே நீளத் தொடங்கியிருந்தன!

வெயிலே என்னைச் சரிசெய்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் போனேன், மாத்திரையும் சாப்பிட்டேன். பருவத்தோடு வந்து போகும் மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் 1984லேயே விவரித்திருக்கிறார்கள். அதற்குக் காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கின் முன் உட்காரச் சொல்வதுண்டு. வீட்டு விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸைத் தாண்டுவதே அபூர்வம். மேகம் மூடிய பகலில்கூட வெளியே அதைவிடப் பல மடங்கு. இதைப் படித்த பிறகு நாற்காலியை ஜன்னலடிக்கு இழுத்தேன். கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை வைத்தால் கூரையில் ஒளி நெளியும். ஒரு மணி நேரம்கூட அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேலை தேடவேண்டிய நேரத்தில்தான்.

ஜனவரி கடைசியில் வெயில் அலமாரியை விட்டுத் தரைக்கு இறங்கிவிட்டது. நாள் நீள்கிறது என்று அர்த்தம். ஆனாலும் லேசாக வருத்தமாக இருந்தது. அன்று அக்கா போன் பண்ணியபோது சுவரோரம் குந்தியிருந்தேன்.

"எழுந்தாச்சா?"

"இரு, கோடு போட்டுட்டு வரேன்" என்றேன்.