பாலத்தில் ஒரு கட்டைவிரல்

இன்று காலை பினாங்குப் பாலத்தில் எனக்கு முன்னால் போன கார், மெல்ல மெல்ல இடப்பக்க மோட்டார் சைக்கிள் பாதைக்குள் சாய்ந்தது. கூடையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்த ஓர் அண்ணன் நூலிழையில் தப்பினார். கடந்து போகும்போது பார்த்தேன்: ஸ்டியரிங் மேல் கைப்பேசி, கட்டைவிரல் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது. இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

80 கிலோமீட்டர் வேகத்தில் 3 வினாடி திரையைப் பார்த்தால் வண்டி சுமார் 67 மீட்டர் கண்ணில்லாமல் ஓடிவிடும். பிடிபட்டால் 300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வரை அபராதச் சம்மன். கட்டிவிட்டு அப்புறம் மறந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் அது போதவே போதாது.

வீட்டில் உள்ளவர்களும் வண்டி ஓட்டுகிறவரை அழைக்காதீர்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: "வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் நானே கூப்பிடுறேன்மா."